கிளாரன்ஸ் கெளுத்தி வந்து சேர்ந்துவிட்டதாம்

கெய்லன் ரஸ்டாட் யாரையும் கட்டிப்பிடித்துப் பார்த்ததே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் இரண்டு நாள், கண்ணில் படுகிற எல்லாரையும் அவர் கட்டிப்பிடிக்கிறார். குழந்தைகள், பாதிரியார், ஷெரிஃப், அடுத்த ஊர் மேயர், ஒருமுறை ஒரு டிராக்டர். ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் ஒரு மீன்.

மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், சிவப்பாறு வளைகிற இடத்தில் இருக்கிறது எங்கள் வெஸ்டர்மோ. ஆற்றில் கெளுத்தி நிறைய. அதனால் கெளுத்தித் திருவிழா. திருவிழா என்றால் ஊர்வலம், ஊர்வலம் என்றால் முன்னால் ஆடிக்கொண்டு போக ஒரு மீன் வேண்டும். அதன் பெயர் கிளாரன்ஸ். பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த ஏழடி உடம்பு, கார் டயர் அகலத்துக்கு வாய், இரண்டு பக்கமும் தோட்டக் குழாயில் செய்த மீசை.

முன்பு கிளாரன்ஸாக இருந்தவர் வங்கிக் காசாளர். ஒரு வருடம் ஊர்வலத்தன்று காலை அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. குளிர்காலத்தில் கவுண்டி நிர்வாகத்துக்குப் பனி தள்ளுகிற வண்டியும் கோடையில் சாலையோரப் புல் வெட்டுகிற வண்டியும் ஓட்டும் கெய்லன், அப்போது பக்கத்தில் நின்று பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். உயரமும் பொருந்தியது.

"நீங்க உள்ளே போறீங்களா?" என்று கேட்டார்கள்.

"ஐயையோ, நான் எதுக்கு?"

"போங்களேன்."

"வேற நல்ல ஆளா யாராவது இருப்பாங்க."

"கெய்லன், போங்க."

"சரி, நீங்க இவ்வளவு சொல்றதால."

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவையும் கேட்டால்தான் மனதாரக் கேட்கிறார்கள் என்று பொருள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். காபிக்கும் இதே முறை, கல்யாணத்துக்கும் இதே முறை. ஆனால் கெய்லன் அளவுக்கு இதைக் கடைப்பிடிக்கிறவர் கிடையாது. குடல்வால் வெடிக்கப்போகிறது, உடனே ஆபரேஷன் செய்யலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு டாக்டர் சிரமம், சாப்பாட்டு நேரம் வேற" என்றவர்.

மீனுக்குள் போனதும் ஆள் மாறிவிட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. பேண்டு வாத்தியத்துக்கு இடுப்பை ஆட்டினார். நடுத்தெருவில் குட்டிக்கரணம் முயன்றார். ஐஸ்கிரீம் நீட்டிய குழந்தையிடம் முதல் தடவையிலேயே வாங்கி வாய்க்குள் திணித்துக்கொண்டார். அன்றிலிருந்து கிளாரன்ஸ் அவர்தான்.

அவர் மனைவி ஆர்லிஸ் பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறவர், வெடுக்கென்று பேசுவார். "வருஷத்துல ரெண்டு நாள் என் புருஷன் என்னைத் தெருவுல வச்சுக் கட்டிப்பிடிக்கிறார். மிச்ச நாளெல்லாம் வானிலை சொல்றார்" என்பார்.

போன குளிர்காலத்தில் எலிகள் கிளாரன்ஸின் வாலுக்குள் குடித்தனம் நடத்தின. வசந்தத்தில் பெட்டியைத் திறந்தபோது வால் இல்லை, ஒரு கண் இல்லை, வயிறு முழுவதும் பூஞ்சை. திருவிழாக் கமிட்டி கூடியது. நான் உள்ளூர் வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன் என்பதால் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

கமிட்டித் தலைவி லவோன் பக்கெடால், பள்ளியில் தையலும் சமையலும் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாநிலப் பறவையான லூன்தான் ஊர்வலத்துக்கு முன்னால் போக வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறவர். கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட லூன் உடை ஒன்றை அவரே தைத்து வீட்டில் தயாராக வைத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"கெளுத்தி செத்துப்போச்சு. வருத்தமாத்தான் இருக்கு" என்றார் லவோன், வருத்தமில்லாமல். "இந்த வருஷம் லூன்."

"புதுசா ஒண்ணு வாங்கலாமே" என்றார் ஆர்லிஸ்.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பான்கேக் விருந்து நடத்திச் சேர்த்த பணத்தைக் கெய்லனிடம் கொடுப்பது. அந்தப் பணத்துக்குள் புது மீன் வாங்கினால் கிளாரன்ஸ் தொடரும். மீனும் வராமல் பணமும் போனால் அத்தோடு கெளுத்திக்கு ஓய்வு; இனி எல்லா வருடமும் லூன். லூனுக்குள் லவோன்.

கெய்லன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து தன் வண்டியில் ரொம்ப நேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

ஃபார்கோவில் இப்படி உடை செய்கிறவர்கள் நாலாயிரம் டாலர் கேட்டார்கள். கையில் இருந்தது அதில் பத்தில் ஒரு பங்கு. அப்போதுதான் அவர் போனில் அந்த விளம்பரம் வந்தது. ஏழடிக் கெளுத்தி உடை, கடையை மூடுவதால் அடிமாட்டு விலை, முந்நூற்று எண்பத்தொன்பது டாலர். இரண்டே இரண்டுதான் மிச்சம், இந்த நிமிடம் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கீழே சிவப்பு எழுத்தில் ஓடியது.

உலகத்தில் ஒரே நேரத்தில் பதினான்கு பேருக்குக் கெளுத்தி உடை எதற்கு என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். கெய்லன் அந்தப் பதினான்கு பேருக்கும் வழிவிட்டுக் காத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். இன்னும் இரண்டு இருந்தது. அவர்களுக்கெல்லாம் வேண்டாம் போலிருக்கிறது என்று உறுதியான பிறகுதான் தன் கணக்கிலிருந்து பணம் கட்டினார்.

மறுநாளே பார்சல் எண் வந்தது. அதை அழுத்தினால் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும். கெய்லன் அதைக் காபிக் கடையில் காட்டினார். கடைக்காரர் சூப் விலை எழுதுகிற பலகையின் ஓரத்தில் 'கிளாரன்ஸ்: லாஸ் ஏஞ்சலிஸ்' என்று எழுதினார். அடுத்த நாள் அழித்து 'டென்வர்' என்று எழுதினார். அதற்கடுத்த நாளும் டென்வர். மலை ஏறி வந்ததால் களைப்பாக இருக்கும் என்றார் ஒருவர். எங்கள் பத்திரிகையில் முதல் பக்கத்தில், சோயா விலைக்குக் கீழே, கிளாரன்ஸ் இருக்குமிடம் என்று ஒரு கட்டம் போட்டோம். போட்டது நான்தான். விற்பனை கொஞ்சம் கூடவும் செய்தது.

'இன்று வந்து சேரும்' என்று போன் சொன்ன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வெஸ்டர்மோவில் வீட்டுக்கு வீடு தபால் கிடையாது. எல்லாருக்கும் தபால் நிலையத்தில் ஆளுக்கொரு பெட்டி, சாவி போட்டுத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஊரே தபால் நிலையத்துக்கு வந்துவிட்டது. ஒருவர் படகு ஏற்றுகிற டிரெய்லரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். பள்ளிப் பேண்டில் விடுமுறைக்கு ஊரில் இருந்த மூன்று டிரம்பெட்டும் வந்தன. யாரோ ஹாட்டிஷ், அதாவது இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த ஒரு பெரிய பாத்திரச் சாப்பாடு, சமைத்து எடுத்துவந்திருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்தால் எங்கள் ஊரில் யாராவது ஒருவர் ஹாட்டிஷோடுதான் வருவார்.

தபால் லாரி வந்தது, போனது. தபால்காரி டார்லா உள்ளே எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தாள். அவளும் கெய்லனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

"என்னடா இது, ஊர்வலம் இன்னைக்கா?"

"மீன் வந்திருக்கு" என்றார் கெய்லன்.

"எங்கே?"

கெய்லன் போனைக் காட்டினார். சரியாக அந்த நேரத்தில் அது மாறியது. 'டெலிவரி ஆகிவிட்டது. வெஸ்டர்மோ, மினசோட்டா. தபால் பெட்டியில் வைக்கப்பட்டது.'

ஒரு டிரம்பெட்காரர் அவசரப்பட்டு ஊத ஆரம்பித்துவிட்டார். டார்லா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பெட்டியிலயா? ஏழடி மீனையா? கெய்லன், உன் பெட்டியில மின்சார பில்லைத் தவிர ஒண்ணும் இல்ல. ஒரு ரொட்டிகூட அதுல நுழையாது."

போனை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். டெலிவரி ஆகிவிட்டது என்றுதான் இருந்தது. எல்லாரும் கெய்லன் தோளைத் தட்டிவிட்டு, "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சொல்லிக் கலைந்தார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய திட்டு இல்லை. லவோன் மட்டும் நின்று, "நான் லூனுக்கு இஸ்திரி போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெய்லன் கடைக்குச் செய்தி அனுப்பினார். யாரோ எமிலி என்ற பெயரில் பதில் வந்தது. அன்பான நண்பரே, உங்கள் பொருள் கிடைத்துவிட்டதே, மகிழ்ச்சியாக அணியுங்கள் என்று. கிடைக்கவில்லை என்று கெய்லன் எழுத, பெரிய மனது பண்ணிப் பத்து சதவீதம் திருப்பித் தருகிறோம், புகாரை விட்டுவிடுங்கள் என்றாள் எமிலி. வேண்டாம் என்று எழுதினார் கெய்லன். இருபது என்றாள். உங்களுக்கும் குடும்பம் இருக்கும், வேண்டாம் என்று எழுதினார். முப்பது என்றாள். அது மூன்றாம் தடவை. கெய்லனின் விரல் 'சரி' என்ற இடத்துக்கு மேலே போனபோது ஆர்லிஸ் போனைப் பிடுங்கினார்.

"என்ன பண்றே? உன் பணத்துல முப்பதை உனக்கே பிச்சை போடறா, நீ நன்றி சொல்லப் போறியா?"

"மூணு தடவை கேட்டுட்டாங்க, ஆர்லிஸ்."

"திருடிக்கு என்ன மூணு தடவை! பணம் கட்டின கார்டு கம்பெனிக்குப் போன் பண்ணு. நான் கோடை வகுப்புக்குச் சமைக்கப் போறேன். வர்றதுக்குள்ள புகார் கொடுத்திருக்கணும்."

கொடுத்தார். சாயங்காலம் ஆர்லிஸ் திரும்பி வந்தபோது கெய்லன் சமையலறையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"போன் பண்ணினியா?"

"பண்ணினேன். ரொம்ப நல்ல பொண்ணு. ஒக்லஹோமாவாம். அங்கே மழையே இல்லையாம்."

"பணத்தைப் பத்தி என்ன சொன்னா?"

"முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொல்லிக் கேஸ் போடட்டுமான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

கெய்லன் காபிக் கோப்பையைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"திரும்பக் கேட்பான்னு நினைச்சேன். நன்றி சொல்லி வச்சுட்டா."

பத்து நிமிடத்தில் ஒரு மின்னஞ்சலும் வந்திருந்தது. 'வாடிக்கையாளர் தாமே புகாரைக் கைவிட்டதால் கோப்பு மூடப்பட்டது.'

ஆர்லிஸ் அன்று பேசியதை எங்கள் பத்திரிகையில் போட முடியாது. மறுநாள் காலை அவரே கம்பெனியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். அவர்கள் சொன்னது இதுதான். மூடிய கேஸை ஒரே ஒரு தடவை திறக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திறக்க வேண்டும். கணக்குக்குச் சொந்தக்காரர் தன் வாயால் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும், மனைவி சொன்னால் செல்லாது. அதோடு, பார்சல் உங்கள் ஊரில் டெலிவரி ஆனதற்கு விற்றவரிடம் ஆதாரம் இருக்கிறது. அது வேறு யாருக்கோ போனது என்றால் அதே எண் உள்ள உறையைக் காட்ட வேண்டும்.

கெய்லன் டார்லாவிடம் போனார்.

"அப்படி ஒரு உறை வந்துச்சு" என்றாள் டார்லா. "சின்னது. கையகலம். இந்தத் திருட்டுப் பசங்க இப்படித்தான் பண்றாங்க. உன் ஊர்லயே வேற யாருக்காவது ஒரு ரெண்டு டாலர் சாமானை அனுப்பிடறது. எண் மட்டும் உன்னோடது. கம்ப்யூட்டர்ல பார்த்தா வெஸ்டர்மோவுக்கு வந்தாச்சுன்னு காட்டும்."

"யாருக்கு வந்துச்சு?"

"சொல்லக்கூடாது. சட்டம்."

"சரி, சரி. சொல்ல வேண்டாம்" என்று கெய்லன் தொப்பியை எடுத்தார்.

"டேய், இருடா! இன்னொரு தடவை கேளு! நீ என்ன ஆளு!" டார்லா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சொல்லமாட்டேன். ஆனா இந்த வாரம் ஊர்ல எல்லார் வீட்டுக்கும் ருபார்ப் கேக் யார் கொண்டுபோய்க் கொடுத்தாங்கன்னு மட்டும் யோசி."

கெய்லன் யோசித்தார். லவோன். தோட்டத்துப் புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட அந்தக் கேக் கெய்லன் வீட்டுக்கும் வந்திருந்தது. மூன்று துண்டு தின்றிருந்தார். எதற்குக் கொடுக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. எங்கள் ஊரில் ஒருவர் பாத்திரத்தில் ஏதாவது கொடுத்தால் வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருவது கிடையாது. பெயர் போடாமல் ஒரு பரிசு தபாலில் வந்திருக்கிறது. பதில் செய்யாமல் லவோனுக்குத் தூக்கம் வராது. யாருக்குப் பதில் செய்வது என்று தெரியாததால், சந்தேகப்பட்ட எல்லார் வீட்டுக்கும் கேக் சுட்டுக்கொண்டிருந்தார்.

உதவி கேட்கப் போகிறவர் நேராகக் கேட்கமாட்டார். ஒரு சாக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல், கிளாரன்ஸின் ஒற்றைக் கண் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு கெய்லன் லவோன் வீட்டுக் கதவைத் தட்டினார். சட்டைப் பையில் போன். ஆர்லிஸே கம்பெனிக்கு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு உள்ளே வைத்து அனுப்பியிருந்தார். காத்திருப்போருக்கான பியானோ இசை கெய்லனின் நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இனி நடந்ததை நான் லவோனிடமும் கெய்லனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"வாங்க கெய்லன். பாட்டு நல்லா இருக்கு" என்றார் லவோன். "காபி?"

"வேண்டாங்க. இந்தக் கண்ணு ஒண்ணு தைக்கணும், அதான்."

"லூன் வந்த பிறகு கண்ணு எதுக்கு? காபி குடிங்க."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம். மழை வரும் போல இருக்கு."

"வந்தா சோயாவுக்கு நல்லது."

"நல்லதுதான்."

இசை ஓடியது. சுவர்க் கடிகாரம் நாலரையைத் தாண்டியது. வானிலை முடிந்து, பாலம் பழுது பார்ப்பது முடிந்து, பாதிரியாரின் முழங்கால் வலிக்கு வந்தார்கள். லவோன் மூக்கில் ஒரு பச்சை நிறக் கூலிங் கிளாஸ் இருந்ததைக் கெய்லன் அப்போதுதான் கவனித்தார். வீட்டுக்குள்ளேயே போட்டிருந்தார்.

"கண்ணாடி புதுசா?"

"அதை ஏன் கேக்கறீங்க!" லவோன் நாற்காலியில் சாய்ந்தார். "யாரோ அனுப்பியிருக்காங்க. பேர் இல்ல. யாருன்னு கண்டுபிடிக்கறதுக்கு ஊர்ல இருக்கிற ருபார்ப்பெல்லாம் வெட்டிட்டேன். யாரும் ஒத்துக்கமாட்டேங்கறாங்க. நான் கேக் கொடுத்தா எல்லாரும் 'வேண்டாம் வேண்டாம்'ங்கறாங்க, அப்புறம் வாங்கித் தின்னுடறாங்க. நீங்களும்தான்."

"நல்லா இருந்துச்சுங்க."

"இவ்வளவு சரியா என் முகத்துக்குப் பொருந்தறதை யார் வாங்கியிருப்பா சொல்லுங்க?"

"நான்தாங்க" என்றார் கெய்லன். "அதாவது, மீனோட காசு."

எல்லாவற்றையும் சொன்னார். லவோன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஏமாந்த முகம் ஒரு நிமிடம்தான். அப்புறம் தையல் டீச்சர் முகம் வந்தது.

"அப்போ முந்நூத்தி எண்பத்தொன்பது டாலர் கண்ணாடியை நான் மூக்குல மாட்டிக்கிட்டுக் கேக் சுட்டுக்கிட்டிருந்தேன்." எழுந்து இழுப்பறையைத் திறந்தார். அவர் எந்த உறையையும் தூக்கிப்போடுகிறவரில்லை. "இந்தாங்க உறை. எண்ணைப் பாருங்க. கெய்லன், உங்க மீனுக்கு நான் கடன்பட்டிருக்கேன், எனக்கு அது பிடிக்கல. மீனும் பிடிக்கல. ஆனா கடன் அதைவிடப் பிடிக்காது."

இசை நின்றது. "வணக்கம் சார், டெரல் பேசறேன், காத்திருந்ததுக்கு நன்றி" என்றது சட்டைப் பை.

லவோன் உறையைப் படம் எடுக்க உதவினார், கெய்லன் அனுப்பினார். எண் பொருந்துகிறது என்றார் டெரல். வேகமாகப் பேசுகிற, நல்ல மனிதர்.

"இது பழைய டிரிக் சார். ஆதாரம் போதும். இப்போ கேஸைத் திரும்பத் திறக்கட்டுமா? ஆமாம்னு மட்டும் சொல்லுங்க."

கெய்லன் வாயைத் திறந்தார். இத்தனை வருடப் பழக்கம்.

"அது... உங்களுக்கு ரொம்ப வேலை இருக்கும்."

"இல்ல சார், திறக்கட்டுமா?"

"மத்தவங்க கேஸெல்லாம் அவசரமா இருக்கும். அதை முதல்ல பாருங்க."

"சார், ஐந்து மணிக்கு இது தானா பூட்டிடும். இப்போ நாலு அம்பத்தாறு. வேணுமா, வேண்டாமா?"

"உங்களுக்கு எது வசதியோ."

"ஆமான்னு சொல்றார்!" என்று கத்தினார் லவோன். "எங்க ஊர்ல அதுக்கு ஆமான்னுதான் அர்த்தம்!"

"மேடம், நீங்க பேசக்கூடாது. சார் சொல்லணும். சார், கடைசியா கேட்கறேன்..."

கெய்லனின் உதடு 'சிரமம்' என்ற சொல்லுக்குக் குவிந்தது. அதைப் பார்த்ததும் லவோன் மேஜையிலிருந்த கெளுத்தித் தலையை இரண்டு கையாலும் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தார். தோள்வரை இறங்கியது. மீசை ஒன்று சர்க்கரைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. போனை எடுத்து மீனின் வாய்க்குள் நீட்டினார்.

பிறகு கெய்லனின் தோள்கள் நிமிர்ந்தன. இடுப்புகூடக் கொஞ்சம் ஆடியது என்கிறார் லவோன்.

"ஆமா! திறங்க!" என்றது மீன். "எனக்கு என் பணம் முழுசா வேணும்! ஒரு சென்ட் குறையக் கூடாது! அந்த எமிலி ஒரு திருடி, அவ பிச்சை போடற முப்பது சதவீதம் யாருக்கு வேணும்! திறங்க, திறங்க, திறங்க!"

எதிர்முனையில் விசைப்பலகை சத்தம் கேட்டது. "திறந்துட்டேன் சார். சார், நீங்க எங்கேருந்து பேசறீங்க? குரல் எதிரொலிக்குது."

"மீனுக்குள்ளேருந்து!"

மறுபடி விசைப்பலகை சத்தம். "குறிச்சுக்கிட்டேன் சார். பத்து நாளைக்குள்ள பணம் வந்துடும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம்" என்றது மீன். அது உண்மையான வேண்டாம்.

லவோன் போனை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "காபி?"

"வேணும். பால் ஊத்தி. கேக் இருந்தா அதுவும்."

பணம் வருவதற்கு முன் திருவிழா வந்துவிட்டது. புது மீனுக்கு வழியில்லை, கமிட்டி விதிப்படி லூன்தான் முன்னால் போக வேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் லவோன் எழுந்து, லூனுக்குக் காலில் தையல் பிரிந்துவிட்டது, இந்த வருடம் பின்னால்தான் நடக்கும் என்றார். தையல் டீச்சர் தைத்த தையல் எப்படிப் பிரியும் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய கிளாரன்ஸைப் பூஞ்சை போகக் கழுவி, எலி தின்ற வாலுக்குப் பதிலாக லூன் தைத்து மிஞ்சிய கறுப்பு வெள்ளைப் புள்ளித் துணியில் லவோனே ஒரு வால் வைத்தார். கண் இல்லாத இடத்தை மறைக்க அந்தப் பச்சைக் கூலிங் கிளாஸ். அவ்வளவு பெரிய தலையில் அது மூக்குத்தி மாதிரி இருந்தது. ஊர்வலத்தில் கிளாரன்ஸ் அதைச் சரிசெய்து சரிசெய்து ஆடினார். டார்லாவைக் கட்டிப்பிடித்தார், டிரம்பெட்காரர்கள் மூவரையும் சேர்த்துப் பிடித்தார், பின்னால் மூச்சுத் திணறி நடந்துவந்த லூனையும் கட்டிப்பிடித்தார். ஆர்லிஸ் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பேண்டு ஒரு பாட்டு முடித்து அடுத்ததற்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் பணம் முழுசாக வந்தது. கமிட்டி கூடியது.

"இதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அடுத்த வருஷம் ஃபார்கோவிலேயே நல்ல புது மீன் சொல்லிடலாம்" என்றார் லவோன். "கெய்லன், என்ன சொல்றீங்க? புது உடை வேணுமா?"

"ஐயோ, வேண்டாங்க. எனக்கெதுக்கு" என்றார் கெய்லன்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது முதல் வேண்டாமா, இல்லை நிஜ வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. செய்தி எழுத வேண்டிய எனக்கும் தெரியவில்லை.

லவோன் மேஜைக்கு அடியில் குனிந்து கிளாரன்ஸின் தலையை எடுத்து, மேஜைமேல் தள்ளினார்.

"மாட்டிக்கிட்டுச் சொல்லுங்க."

கெய்லன் தலையை மாட்டிக்கொண்டார். பச்சைக் கண்ணாடியை விரலால் நேராக்கினார். நாங்கள் காத்திருந்தோம்.

"வேண்டாம்" என்றது மீன். "இதுவே நல்லா இருக்கு."